கத்தரிக்கோலும் காலைப் பத்திரிகையும்

பத்திரிகை ஒரு நாளைக்கு உரிய பொருள். விடியற்காலையில் ஆவலோடு விரிக்கப்படும் தாள், மறுநாள் பலசரக்குக் கடையில் சீனி சுற்றுவதற்கும் கடலைக்காரரின் சுருளுக்கும் உரியதாகிவிடும். அத்தகைய தாளை எடுத்து நறுக்கி, ஒட்டி, அதனையே ஓவியமாக்கி, அந்த ஓவியத்தைக் கொண்டு அரசுகளோடு வழக்காடிய சிலர் சென்ற நூற்றாண்டின் ஐரோப்பாவில் வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவர் உயிர் தப்ப வீட்டு மாடத்திலிருந்து குதித்து ஓட நேர்ந்தது. இன்னொருவர் பன்னிரண்டு ஆண்டுகள் தம் படைப்புகளை மறைத்துக் காத்தார். வேறொருவர், எந்த அரசுக்காகக் கத்தரிக்கோல் பிடித்தாரோ அந்த அரசாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வானொலியில் ஓவியத்தைக் காட்டுதல் இயலாது, சொல்லித்தான் ஆகவேண்டும். நேயர்கள் மனக்கண்ணால் காண்பாராக.

முதலில் இக்கலை அரசியலுக்கென்று பிறந்ததன்று. 1912ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிராக், பிக்காசோ என்னும் இரு ஓவியர்கள் தாள்களை நறுக்கிப் படத்தில் ஒட்டும் முறையைக் கையாளத் தொடங்கினர். பிராக் மரத்தின் வரியோட்டம் அச்சிட்ட சுவர்த்தாளை ஒட்டினார். பிக்காசோவின் கை பத்திரிகைக்குச் சென்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் பால்கன் போர் மூண்டிருந்தது. நவம்பரில் அவர் இயற்றிய ‘சூஸ் போத்தலும் கண்ணாடிக் குவளையும்’ என்ற படத்திலே மேசையும் போத்தலும் நடுவிலிருக்க, சுற்றிலும் ‘லெ ஜூர்னால்’ பத்திரிகையின் நறுக்குகள் இருக்கின்றன. அவை நவம்பர் 18ஆந் திகதியிட்ட இதழினின்று வெட்டப்பட்டவை. போர்முனையிலே பேதி நோயால் மடியும் துருக்கிப் படைவீரரைப் பற்றிய செய்தியும், பாரிசிலே போருக்கு எதிராகக் கூடிய பெருங் கூட்டத்தைப் பற்றிய செய்தியும் அவற்றிலுள. மதுக்கடை மேசையில் ஒருவன் குவளையும் கையுமாக அமர்ந்திருக்க, அவன் முன்னே விரிந்து கிடக்கும் தாளில் மனிதர் சாகின்றனர். பிக்காசோ இதனை வேண்டுமென்றே செய்தாரா, கறுப்பெழுத்தின் நிறத்துக்காக மட்டும் தாளை எடுத்தாரா என்பதில் கலையறிஞர் இன்றும் உடன்படுவதில்லை. இத்தனை தாள்களில் போர்ச் செய்தியே அடிக்கடி வந்து ஒட்டிக்கொண்டது தற்செயல் என்று கொள்வதற்குச் சற்றுத் துணிவு வேண்டும்.

கத்தரிக்கோலுக்குக் கட்சியில்லை என்பது ஈராண்டுகளில் தெரிந்தது. இத்தாலியின் கார்லோ கர்ரா, 1914ஆம் ஆண்டில் பத்திரிகை நறுக்குகளைச் சுழல் வடிவில் ஒட்டி ஒரு படம் செய்தார். ஆரவாரச் சொற்களும் வாழ்த்தொலிகளும் விளம்பரத் துண்டுகளும் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழலும். அப்படம் ஓகஸ்ட் முதலாந் திகதி ‘லாச்செர்பா’ என்ற ஏட்டில் வெளியாயிற்று. ஐரோப்பா போரில் இறங்கிய வாரம் அது. போர் வேண்டும் என்று முழங்கியவர்களுள் கர்ராவும் ஒருவர். அப்படம் இன்று ‘தலையீடு கோரும் ஆர்ப்பாட்டம்’ என்ற பெயரால் வழங்குகின்றது. மறு ஆண்டு மே மாதம் இத்தாலியும் போருட் புகுந்தது.

எதிர்க்குரல் பேர்லினிலிருந்து எழுந்தது. போர்க்காலத் தணிக்கை கடுமையாக இருந்தது. போர்முனைக்குச் செல்லும் கடிதங்கள் வாசிக்கப்பட்டன. அந்நாளில் ஜோர்ஜ் குரொஸ், ஹெல்முட் ஹேர்ஸ்பெல்ட் என்னும் இரு இளைஞர்கள் ஒரு சூழ்ச்சி கண்டனர். குடலிறக்கப் பட்டியின் விளம்பரம், மாணவர் பாட்டுப் புத்தகத்தின் துண்டு, நாய்த் தீனி விளம்பரம் இவற்றையெல்லாம் நறுக்கி அஞ்சலட்டையில் ஒட்டிப் போர்முனை நண்பர்க்கு அனுப்பினர் என்று குரொஸ் பிற்காலத்திற் சொன்னார். சொல்லால் எழுதியிருந்தால் தணிக்கையாளர் கிழித்திருப்பர். இதில் எழுதிய சொல் ஒன்றேனும் இல்லை. எல்லாம் அரசு அனுமதித்து அச்சேறிய விளம்பரங்களே. இதன்மேல் என்ன குற்றம் சாட்டுவது?

அவர்கள் தம் பெயரையும் மாற்றிக்கொண்டனர். இங்கிலாந்தைக் கடவுள் தண்டிக்கட்டும் என்று ஜேர்மனியிலே எங்கும் கூவிக்கொண்டிருந்த காலம் அது. ஹேர்ஸ்பெல்ட் 1916இல் அப்பெயரை ஆங்கிலப்படுத்தி ஜோன் ஹார்ட்பீல்ட் ஆனார். பகைவர் மொழியிலே தன் பெயரை வைத்துக்கொள்வதைக் காட்டிலும் சுருக்கமான போர் எதிர்ப்புப் பிரசங்கம் இல்லை.

இக்கலையின் பிறப்புக்கு வேறிருவரும் உரிமை கோரினர். ஹன்னா ஹோக் என்ற பெண்மணியும் அவர் தோழர் ராவுல் ஹவுஸ்மனும் 1918ஆம் ஆண்டுக் கோடையிலே பால்டிக் கடற்கரைக் கிராமமொன்றில் தங்கினர். அங்கே வீடுதோறும் சுவரில் ஒரு படம் தொங்கியது. கம்பீரமான படைவீரன் ஒருவனின் அச்சுப்படம். ஆனால் முகம் மட்டும் அந்தந்த வீட்டு மகனுடையது. புகைப்படத்திலிருந்து தலையை வெட்டி, அச்சிட்ட உடலின்மேல் ஒட்டியிருந்தனர். பெற்றோர்க்கு அது பெருமை. ஹவுஸ்மனுக்கும் ஹோக்குக்கும் அது பாடம். ஒருவன் தலையை இன்னொருவன் உடலில் வைக்கலாமெனில், அமைச்சன் தலையை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாமன்றோ! இக்கலையை அவர்கள் ‘மொன்டாஜ்’ என்றனர். தொழிற்சாலையிலே பொறியின் உறுப்புகளைப் பொருத்துதல் என்பது அச்சொல்லின் பொருள். தம்மை ஓவியர் என்று அழைப்பதை வெறுத்த அவர்கள், பொருத்துநர் என்று அழைத்துக்கொண்டனர்.

1889இல் கோத்தா நகரிற் பிறந்த ஹன்னா ஹோக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் அவரது தோழர்கள் அவரைப் பற்றி நெடுங்காலம் சுருக்கமாகவே சொல்லிவந்தனர். அவர் 1916 முதல் 1926 வரை உல்ஸ்டைன் என்னும் பெரும் பத்திரிகை நிறுவனத்தில் வேலை பார்த்தார். பெண்கள் ஏடுகளுக்குத் தையல், சரிகை, பூவேலை மாதிரிகள் வரைதல் அவர் தொழில். அந்நிறுவனமே பேர்லினின் புகழ்பெற்ற படப் பத்திரிகையான ‘பேர்லினர் இலுஸ்திரீர்த்த சைத்துங்’கையும் வெளியிட்டது. ஆகவே நாட்டின் தலைவர்கள், விளையாட்டு வீரர், நடனமாதர், இயந்திரங்கள், ஊர்வலங்கள் யாவும் அச்சுத்தாளாய் அவர் மேசையருகே குவிந்தன. கூலிக்குச் செய்த வேலையின் தாளும் கலைக்கு வெட்டிய தாளும் ஒரே கூரையின் கீழ் வந்தவை.

1919ஆம் ஆண்டு ஓகஸ்டில் அப்படப் பத்திரிகையின் முகப்பிலே ஒரு புகைப்படம் வந்தது. புதிய குடியரசின் தலைவர் ஏபேர்ட்டும் பாதுகாப்பு அமைச்சர் நொஸ்கேயும் நீச்சலுடையோடு, தொந்தியும் தாமுமாகக் கடல்நீரில் நிற்கின்றனர். ஏபேர்ட் பதவிப் பிரமாணம் செய்த நாளில் அந்த இதழ் கடைகளில் விற்பனையாயிற்று. நாடு சிரித்தது. முடியாட்சி வேண்டியோர் அதைப் பல்லாண்டு காலம் குடியரசின்மீது வீசினர். ஹோக் அவ்விருவரையும் வெட்டியெடுத்து, தாம் தொழிலுக்குப் பயன்படுத்திய பூவேலை மாதிரித் தாளின்மேல் ஒட்டினார். குடை பிடித்த மங்கையும் மலர்களும் வண்ணத்துப்பூச்சியும் கோடுகளாய் ஓட, நடுவே அரசின் தலைவர் இருவர் அரையாடையோடு நிற்கின்றனர். ‘நாட்டுத் தலைவர்கள்’ என்பது படத்தின் பெயர்.

அவரது பெரும் படைப்பு 1919இலும் 1920இலும் உருவாயிற்று. அதன் பெயரே ஒரு வாசகம்: ஜேர்மனியின் இறுதி வைமார் பியர்த்தொந்திப் பண்பாட்டு யுகத்தைத் தாதா என்னும் சமையலறைக் கத்தியால் வெட்டுதல் என்று பொருள்படும். உயரம் 114 சென்ரிமீற்றர், அகலம் 90 சென்ரிமீற்றர். பெண்ணின் கையிலுள்ள ஆயுதம் வாளன்று, சமையற்கத்தி என்பதைக் கவனிக்கவேண்டும். படத்தின் வலது மேல் மூலையிலே முடியிழந்த கைசர் வில்லியம். அவர் பெருமிதத்தோடு முறுக்கிவிட்ட மீசையின் இடத்தில் மல்லர் இருவர் தலைகீழாய் நிற்கின்றனர். படைத்தலைவர் ஹின்டன்பேர்க்கின் தலை நடனமாதின் உடலில் ஏறியிருக்கிறது. இடது மேற்புறத்தில் ஐன்ஸ்டைனின் பெரிய முகம். மார்க்சும் லெனினும் வேறிடத்தில். எங்கும் பற்சக்கரங்களும் உருளைகளும். நடுவிலே ஒரு நடனமாதின் தலையற்ற உடல் துள்ள, அவளுக்கு மேலே, ஏழைத் தாய்மாரை வரைந்த மூதாட்டி கெத்தே கொல்விட்சின் தலை மிதக்கிறது.

இத்தனை ஆரவாரத்தில் எளிதில் காணாமற்போவது வலது கீழ் மூலையிலுள்ள சிறு நறுக்கு. அது ஒரு தேசப்படம். ஐரோப்பாவில் எந்தெந்த நாடுகளிலே பெண்கள் வாக்களிக்கலாம் என்பதைக் காட்டுவது. ஜேர்மனியப் பெண்கள் தேசியத் தேர்தலில் முதன்முதல் வாக்களித்தது 1919ஆம் ஆண்டு ஜனவரி 19ஆந் திகதி. அந்தத் தேசப்படத்தின் ஓரத்திலே ஹோக் தமது முகத்தைச் சிறிதாக வெட்டி ஒட்டியுள்ளார். ஓவியர் கையெழுத்திடும் மூலையில் அவர் இட்ட கையெழுத்து அதுதான்.

1920ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி பேர்லினில் தாதா இயக்கத்தாரின் கண்காட்சி திறக்கப்பட்டது. உலகையெல்லாம் புரட்டுவதாகச் சொன்ன குரொஸ்சும் ஹார்ட்பீல்டும் அதில் ஹோக்கின் படங்களைச் சேர்க்க விரும்பவில்லை. தாமும் விலகுவதாக ஹவுஸ்மன் மிரட்டிய பிறகே இடங்கொடுத்தனர். இன்று அக்கண்காட்சியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முதலிற் காட்டும் படம் ஹோக்கினுடையது. கூரையிலே பன்றிமுகத்தோடு படையதிகாரி உருவமொன்று தொங்கிற்று. குரொஸ்சின் படத்தொகுதி ஒன்றும் அங்கிருந்தது. படையை இழிவுபடுத்தினர் என்று வழக்குத் தொடரப்பட்டு, 1921இல் குரொஸ்சுக்கு 300 மார்க்கும், ஹார்ட்பீல்டின் தம்பியும் பதிப்பாளருமான வீலன்ட் ஹேர்ஸ்பெல்டவுக்கு 600 மார்க்கும் அபராதம் விதிக்கப்பட்டன.

ஹோக்கின் முறைக்கும் ஹார்ட்பீல்ட் பின்னர் வளர்த்த முறைக்கும் பெரிய வேறுபாடுண்டு. ஹோக்கின் படத்தில் வெட்டும் ஒட்டும் தெரியும். தெரியவேண்டும் என்பதே நோக்கம். ஹார்ட்பீல்ட் தையலை மறைத்தார். பத்திரிகைப் படத்தை எடுப்பார். தேவையான படம் கிடையாவிடின் புகைப்படக்காரரைக் கொண்டு புதிதாக எடுப்பிப்பார். வெட்டி ஒட்டி, ஓரங்களில் நிறந் தெளித்து இணைப்பை அழிப்பார். பின்னர் செப்புருளை அச்சிலே அது ஒரே பழுப்பு நிறமாக இறங்கும்போது, உண்மையிலே எடுத்த புகைப்படம் போலவே தோன்றும். நடக்காத ஒன்று நடந்ததாய்க் கண்முன் நிற்கும். அவர் படங்கள் சுவரில் தொங்குவதற்காக ஆனவையல்ல. வில்லி முன்சென்பேர்க் நடத்திய தொழிலாளர் படப் பத்திரிகைக்காக ஆனவை. பத்திரிகையினின்று வெட்டப்பட்டது பத்திரிகைக்கே திரும்பிச் சென்று, இலட்சக்கணக்கான படிகளாய்த் தெருவுக்கு வந்தது.

1930இல் அவ்வேட்டில் வந்த படமொன்றில் ஒரு மனிதன் மார்பளவில் இருக்கிறான். தோளிலே சுமையிழுப்பவன் பூணும் வார். தலையோ முழுவதும் பத்திரிகைத் தாளால் சுற்றப்பட்டிருக்கிறது. கண்ணில்லை, காதில்லை, வாயில்லை. முதலாளிகளின் பத்திரிகையை வாசிப்பவன் குருடும் செவிடும் ஆவான் என்பது வாசகம். ஜேர்மன் மொழியில் இலைக்கும் பத்திரிகைக்கும் ஒரே சொல் உண்டு. ஆகவே அவன் கோவாத் தலையன் என்று கீழே கேலி. தமிழிலும் மலரின் இதழும் வாசிக்கும் இதழும் ஒரு சொல்லாயிருப்பதால் இச்சிலேடை நமக்கு அந்நியமன்று.

ஆனால் அத்தலையைச் சுற்றிய தாள்களுள் ஒன்று சமூக ஜனநாயகக் கட்சியின் ‘போர்வேர்ட்ஸ்’ என்பதையும் சொல்லவேண்டும். ஹார்ட்பீல்ட் 1918 இறுதியிலிருந்து பொதுவுடைமைக் கட்சியினர். அக்கட்சி அந்நாளிலே ஹிட்லரை எதிர்த்தது போலவே சமூக ஜனநாயகரையும் பகைவராகக் கருதிற்று. இரு தொழிலாளர் கட்சிகளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்த இடைவெளியில் மூன்றாமவன் உள்ளே நுழைந்தான். படம் சிறந்த படம்தான். அதிற் சொல்லப்பட்ட அரசியல் பெருந் தவறு.

ஹிட்லரைப் பற்றிய படங்களில் அத்தவறு இல்லை. 1932ஆம் ஆண்டு ஜூலையில் வந்த படத்திலே ஹிட்லர் வாய்திறந்து முழங்குகிறார். அவர் மார்பு எக்ஸ்-கதிர்ப் படமாய் உள்ளே தெரிகிறது. முதுகெலும்பின் இடத்தில் பொன் நாணய அடுக்கு. இதயத்தின் இடத்தில் சுவஸ்திகம். பொன்னை விழுங்கித் தகரத்தைப் பேசுகிறார் என்பது வாசகம். தகரம் என்றால் ஜேர்மனியர் பேச்சிலே பிதற்றல். அது சுவரொட்டியாகவும் பேர்லின் தெருக்களில் ஒட்டப்பட்டது. ஒக்டோபரில் இன்னொன்று. ‘கோடிக்கணக்கானோர் எனக்குப் பின்னால் நிற்கின்றனர்’ என்னும் பொருள்பட ஹிட்லர் பேசிவந்தார். ஹார்ட்பீல்ட் அப்பேச்சை மறுக்கவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டார். சிறிய ஹிட்லர் கையை மடக்கி வணக்கஞ் செய்ய, பின்னால் நிற்கும் முகந்தெரியாத பெரிய மனிதன் அக்கையில் பணக்கட்டை வைக்கின்றான். பின்னால் நிற்பது எத்தகைய கோடி என்பது விளங்கிவிடுகிறது.

படங்கள் தேர்தலை வெல்லவில்லை. 1932 ஜூலை 31ஆந் திகதித் தேர்தலில் ஹிட்லரின் கட்சி 230 ஆசனங்களைப் பெற்றுப் பாராளுமன்றத்தின் பெருங் கட்சியாயிற்று. 1933 ஜனவரி 30இல் அவர் பிரதமரானார். அவ்வாண்டு ஏப்ரலில் ஈஸ்டர் வாரத்து இரவொன்றிலே, நாற்சிப் படையினர் ஹார்ட்பீல்டின் வீட்டை உடைத்து நுழைந்தனர். அவர் மாடத்திலிருந்து குதித்து, முற்றத்துக் குப்பைத் தொட்டிக்குள் ஒளிந்து உயிர் தப்பினார். பின்னர் மலைகளைக் கால்நடையாகக் கடந்து செக்கோஸ்லொவாக்கியாவை அடைந்தார்.

பத்திரிகையும் பிராக் நகருக்குப் பெயர்ந்தது. வாசகர் தொகை சில ஆயிரங்களாய்ச் சுருங்கிற்று. படங்களின் கூர்மை சுருங்கவில்லை. ஜேர்மனியப் பாராளுமன்றக் கட்டடம் பெப்ரவரியில் எரிந்திருந்தது. அவ்வழக்கு விசாரணை தொடங்குவதற்கு ஒரு வாரத்தின் முன், எரியும் கட்டடத்தின் முன்னே இரத்தக்கறை படிந்த கசாப்புக்காரர் ஆடையோடு கோயரிங் நிற்கும் படம் முகப்பில் வந்தது. முகம் மூலப் புகைப்படத்தினின்று எடுக்கப்பட்டது, திருத்தப்படவில்லை என்று ஒரு குறிப்பும் இருந்தது. அக்கொடூரம் ஓவியரின் கற்பனையன்று, பத்திரிகைக்காரரின் கமரா கண்டதே என்பதை அவர் வற்புறுத்த விரும்பினார். 1934இல் பிராக்கில் நடந்த கண்காட்சியில் அவர் படங்கள் வைக்கப்பட்டபோது ஜேர்மன் தூதரகம் ஆட்சேபித்தது. சில படங்கள் கழற்றப்பட்டன. அவ்வாண்டே அவரது ஜேர்மன் குடியுரிமையும் பறிக்கப்பட்டது.

1935 டிசம்பரில் வந்த படம் சிரிப்பும் அச்சமும் ஒருங்கே தருவது. இரும்புதான் பேரரசை வலிமையாக்கும், வெண்ணெய் மக்களைக் கொழுக்கவே வைக்கும் என்று கோயரிங் ஹம்பேர்க்கிற் பேசியிருந்தார். ஹார்ட்பீல்ட் ஒரு குடும்பத்தை மேசையில் இருத்தினார். சுவர்த்தாள் முழுவதும் சுவஸ்திகம். சுவரிலே ஹிட்லர் படம். எல்லோரும் மகிழ்ச்சியோடு இரும்பைத் தின்கின்றனர். ஒருவர் சைக்கிள் உறுப்பைக் கடிக்கிறார். குழந்தை கோடரியைச் சப்புகிறது. நாய்க்குப் பெரிய மரையாணி. ‘வாழ்க! வெண்ணெய் தீர்ந்தது!’ என்று தலைப்பு. வகுப்பறையில் ஒரு மணி நேரம் விளக்கவேண்டிய போர்ப் பொருளாதாரத்தை ஒரு சாப்பாட்டு மேசை விளக்கிவிடுகிறது.

சோவியத் நாட்டின் கதை வேறு. அங்கே இக்கலை ஆட்சியின் பக்கத்தில் நின்றது. லத்வியரான குஸ்தாவ் குளுட்சிஸ் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் ஸ்டாலினுக்கும் மாபெரும் ஒட்டுச் சுவரொட்டிகள் செய்தவர். 1938 ஜனவரியில் அவர் கைது செய்யப்பட்டார், மறுமாதம் சுடப்பட்டார். குடும்பத்தாருக்கு உண்மை பல்லாண்டுகள் தெரியாது. ரொட்சென்கோ என்ற பெருங் கலைஞர், உஸ்பெகிஸ்தானின் பத்தாண்டுகளைப் பற்றிய படநூலை 1934இல் வடிவமைத்தார். அதிலிருந்த தலைவர்கள் ஒவ்வொருவராகக் கைதாகிக் கொல்லப்பட, தம் வீட்டுப் பிரதியில் அவர்கள் முகங்களின்மீது அவரே கறுப்பு மை பூசினார். அம்முகங்களை வைத்திருப்பதே ஆபத்தான நாட்கள் அவை. ஹார்ட்பீல்டின் கத்தரிக்கோல் இவற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

1938 டிசம்பரில் ஹார்ட்பீல்ட் இலண்டன் சேர்ந்தார். போர் தொடங்கிய வாரத்திலே அவரது ஹிட்லர் படமொன்று ‘பிக்சர் போஸ்ட்’ ஏட்டின் முகப்பில் வந்தது. அடுத்த ஆண்டில் பகைநாட்டவர் என்று அதே நாட்டு அரசு அவரைத் தடுத்துவைத்தது! 1950இல் கிழக்கு ஜேர்மனிக்குத் திரும்பினார். மேனாட்டிலிருந்து வந்தவரென்று அங்கும் ஐயம். கட்சியிலே சேர்க்க மறுத்தனர். 1956இற்குப் பின்னரே மதிப்புக் கிடைத்தது. 1968இல் மறைந்தார். அக்காலத்திலே அமெரிக்காவில் மார்த்தா ரொஸ்லர் என்ற பெண்மணி, வீட்டலங்கார ஏடுகளின் அழகிய அறைகளுக்குள் ‘லைஃப்’ ஏட்டின் வியட்நாம் போர்ப் படங்களை வெட்டி ஒட்டி, படியெடுத்துப் போர் எதிர்ப்பு ஊர்வலங்களிலே கொடுத்து வந்தார்.

ஹன்னா ஹோக் ஜேர்மனியை விட்டு வெளியேறவில்லை. 1932இல் டெசாவ் நகரிலே நடக்கவிருந்த அவரது கண்காட்சி, நாற்சியர் அந்நகரசபையைக் கைப்பற்றியதால் நின்றுபோயிற்று. 1937இல் வெளியான நாற்சி நூலொன்று அவரைச் சீரழிந்த கலைஞருள் ஒருவராகத் தூற்றிற்று. 1939இல் பேர்லினின் புறத்தே ஹைலிகென்சே என்னுமிடத்தில் தோட்டத்தோடு கூடிய சிறு வீடொன்றை வாங்கி ஒதுங்கினார். நண்பர்களின் படங்கள், கடிதங்கள், கண்காட்சி அறிவித்தல்கள், தம் ஒட்டுப்படங்கள் அனைத்தையும் அவ்வீட்டிலும் தோட்டத்திலும் மறைத்து வைத்தார். அகப்பட்டிருந்தால் அவருக்கு மட்டுமன்றி மற்றவர்க்கும் கேடு. பேர்லின் தாதா இயக்கத்தைப் பற்றி உலகம் இன்று அறிவதில் பெரும்பகுதி அந்தத் தோட்ட வீட்டிலிருந்து வெளிவந்தது. சமையலறைக் கத்திப் படம் பேர்லின் தேசிய ஓவியக்கூடத்துக்குச் சென்றது. பத்திரிகைத் தாள் மரக்கூழால் ஆனது. வெளிச்சம் பட்டால் பழுத்து நொறுங்கும். ஆகவே அத்தகைய படங்களை மங்கிய ஒளியிலேயே வைக்கின்றனர்.

எண்பது வயதைக் கடந்தபின், 1972இலும் 1973இலும் ஹோக் மீண்டும் ஒரு பெரிய ஒட்டுப்படம் செய்தார். தலைவர்களின் முகங்களுக்கு அதில் முதலிடமில்லை. அவரது வாழ்க்கையின் புகைப்படங்கள், பழைய ஓவியங்களின் படிகள், ஹைலிகென்சே தோட்டத்துச் செடிகள் ஆகியவற்றை வெட்டி அடுக்கியிருந்தார். 1978இல் பேர்லினில் காலமானார்.